மழைத்தண்ணீர்த் தொட்டியும் மூன்று நாட்டுக் காய்ச்சலும்

என் மாமனாருக்கு என்னைப் பிடிக்காது. இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. சொல்ல எங்கள் பக்கத்து மரியாதை இடம் கொடுக்காது. மாப்பிள்ளையை மாமனார் நேருக்கு நேர் திட்டக்கூடாது. ஆகவே என்னைத் திட்டத் தோன்றும்போதெல்லாம் அவர் சாயக் கொப்பரையைத் திட்டுவார். "தண்டச்சோறு! காலைலேர்ந்து குந்திகினு கீற, இன்னும் சூடு ஏறல பாரு உனக்கு" என்பார். கொப்பரை நன்றாகக் கொதித்துக்கொண்டிருக்கும். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். வசவு யாருக்கு என்பதில் அந்த வீட்டில் யாருக்கும் குழப்பம் இருந்ததில்லை, கொப்பரை உட்பட.

அவர் ஆரணியில் பட்டுக்குச் சாயம் போடுகிறவர். அவருக்கு மூன்று பெண்கள். மூத்தவளைப் போளூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டிக்காரருக்குக் கொடுத்தார். அந்த மாப்பிள்ளை, அதாவது என் சகலை, வந்தால் வாசலிலேயே சோடா உடையும். இரண்டாமவளைத் தொண்ணூறுகளின் கடைசியில் எனக்குக் கொடுத்தார். நான் தேசூர்க்காரன், புள்ளியியல் படித்தவன். "மாப்பிள்ளை கணக்கு எழுதறாரு" என்று தரகர் சொன்னபோது ஏதோ பெரிய ஜவுளிக்கடையில் கணக்கு என்று அவர் நினைத்துக்கொண்டார். நான் அப்போது சுகாதார வேலை ஒன்றில் தற்காலிகமாக ஊர் ஊராகப் போய், எந்த வீட்டில் யாருக்கு வயிற்றுப்போக்கு என்று எழுதிக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகுதான் இது தெரிய வந்தது. எனக்குச் சோடா உடையவில்லை.

அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. நான் அந்த வீட்டில் வந்து தங்குவதற்கு முன்பே அந்தத் தெருவுக்கு என் இனத்தின்மேல் பகை இருந்தது. அங்கே காலையில் பாவு விரிப்பார்கள். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பட்டு நூலை இழுத்துக் கட்டி, இழை இழையாகச் சீர் செய்வார்கள். அப்படி ஒரு காலையில், கழிச்சல் நோய் பரவுகிறதென்று பிளீச்சிங் பவுடர் தூவ வந்தவர்கள் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்காமல் தூவிவிட்டார்கள். மாம்பழ நிறப் பாவு ஒன்றில் வெள்ளை வெள்ளையாகத் தேமல் விழுந்தது. அன்றிலிருந்து தோளில் பை மாட்டிய எவன் வந்தாலும் தெரு துடைப்பத்தோடுதான் வரவேற்கும். எனக்குத் தோளில் பை இல்லாமல் நடக்கத் தெரியாது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அதாவது வயிற்றுப்போக்கிலிருந்து காய்ச்சலுக்கு மாறினேன். மூன்று நாடுகள் சேர்ந்து, அவரவர் ஊரில் எங்கே எந்தக் காய்ச்சல் கிளம்புகிறது என்ற தகவலை ஒரே திரையில் பார்க்க ஒரு திட்டம் போட்டிருந்தன. காய்ச்சலுக்குப் பாஸ்போர்ட் கிடையாது, கண்காணிப்புக்கு மட்டும் ஏன் என்பது அவர்கள் வாதம். நல்ல வாதம்தான். வெள்ளோட்டத்துக்கு எங்கள் பக்கத்தில் ஆரணியைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்கு அறிக்கையில் பல அறிவியல் காரணங்கள் இருந்தன. முதல் கூட்டத்துக்கு மறுநாள் உறுப்பினர்கள் எல்லோரும் புடவைக் கடையில் இருந்தார்கள் என்பதை மட்டும் அறிக்கையில் சேர்க்க மறந்துவிட்டார்கள்.

இந்த நாடுகளைச் சேர்ப்பது என்பது எங்கள் வீட்டில் சம்பந்திகளைச் சேர்ப்பதைப் போலத்தான் இருந்தது. ஒரு நாட்டுக்கு வாரம் சனிக்கிழமை தொடங்கும், இன்னொன்றுக்கு ஞாயிறு, எங்களுக்குத் திங்கள். இதற்கே ஒரு கூட்டம் கத்தலில் முடிந்தது. காய்ச்சல்காரனை அவன் வைத்தியம் பார்த்துக்கொண்ட ஊரில் எழுதுவதா, குடியிருக்கும் ஊரில் எழுதுவதா என்பதற்கு அடுத்த கூட்டம். கொழும்பிலிருந்து வந்திருந்த பெண் மருத்துவர், "வீடு தெரியாமல் நுளம்பை எங்கை போய்த் தேடுறது?" என்று மேசையைத் தட்டினார். நுளம்பு என்றால் அவர்கள் ஊரில் கொசு. எங்கள் தலைவர், வைத்தியம் பார்த்த ஊர்தான் கணக்குக்கு வசதி என்றார். கடைசியில் இரண்டையும் எழுதுவது என்று முடிவாயிற்று. மூன்று நாடுகளும் சண்டையில்லாமல் ஒப்புக்கொண்டது ஒரே ஒரு விதியைத்தான்: எந்த இடத்தில் காய்ச்சல் திடீரென்று கூடுகிறதோ அங்கே திறந்து கிடக்கும் தண்ணீர் அத்தனையும் கொட்டப்பட வேண்டும்.

அந்த விதி கையெழுத்தானபோது நானும் கை தட்டினேன். என் மாமனாரின் தொட்டி அந்த நேரத்தில் என் நினைவில் இல்லை.

அந்தத் தொட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருவில் போர் தண்ணீர் உப்பு. அதில் சாயம் போட்டால் பட்டு மங்கும். அதனால் சாயக்காரர்கள் கூரையில் விழும் மழையைத் தகரத் தாழ்வாரத்தால் பிடித்துக் கொல்லையில் சிமெண்டுத் தொட்டியில் நிரப்பி வைப்பார்கள். கார்த்திகையில் நிரம்பினால் அடுத்த மழைவரை அதுதான். என் மாமனார் வீட்டுக்கு மட்டும் இரண்டு உபரிச் சட்டங்கள் இருந்தன. ஒரு புடவையின் பாவுக்கும் ஊடைக்கும், அதாவது நீள நூலுக்கும் குறுக்கு நூலுக்கும், ஒரே தண்ணீரில்தான் சாயம் போட வேண்டும். தண்ணீர் மாறினால் நிறம் மாறும். இது புரிகிறது. இரண்டாவது, பாவு தறியில் ஏறிய பிறகுதான் ஊடைக்குச் சாயம் போட வேண்டும். எப்போதோ இரண்டுக்கும் ஒரே நாளில் போட்டு, வீட்டில் ஏதோ நடந்துவிட்டதாம். என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. நடந்தது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

அந்த வருஷம் கடைசிப் பெண்ணுக்கு வைகாசியில் கல்யாணம் குறித்திருந்தது. முகூர்த்தப் புடவைக்கு வேறெவன் கையும் படக்கூடாது என்று மாமனாரே அரக்குச் சாயம் போட்டார். நான் பார்த்த அரக்குகளில் அது தனி. நிழலில் வைத்தாலும் உள்ளே தணல் கிடப்பது போல இருந்தது. பாவு நெசவாளர் வீட்டுக்குப் போய்விட்டது. தறியில் ஏறியதும் ஊடைக்குச் சாயம் போட வேண்டும். வெள்ளை நூல் கொடியில் தொங்கியது. தொட்டியில் பாதித் தண்ணீர் இருந்தது. வானத்தில் ஒன்றுமில்லை.

அப்போதுதான் வடக்கே ஆந்திராப் பக்கமிருந்து அந்தக் காய்ச்சல் இறங்கியது. ஆளைக் கொல்லாது, மடக்கி வைக்கும். மூட்டெல்லாம் பூட்டிக்கொள்ளும். தறியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்க முடியாது. எழுந்தவன் உட்கார முடியாது.

கொழும்பு மருத்துவர் வீடு வீடாகப் பார்க்க வேண்டும் என்றார். முதல் வீடாக என் மாமனார் வீட்டுக்கு அழைத்துப் போனேன். அங்கே எனக்குச் செல்வாக்கு இருக்கும் என்று அவர் நம்பினார். நானும் அந்த நம்பிக்கையைக் கெடுக்கவில்லை.

மருத்துவர் தொட்டியில் குனிந்து டார்ச் அடித்தார். "ஐயா, இதுக்குள்ளை புழு நெளியுது, பாருங்கோ."

மாமனார் தொட்டியைப் பார்க்கவில்லை. என் மனைவியைப் பார்த்தார். "இன்னாம்மா சொல்றாங்க?"

"புழு கீதாம்பா."

"இருக்கட்டும். பட்டே புழுவுலேர்ந்துதான் வருது."

"இதாலைதான் இந்தக் காய்ச்சல் பரவுது" என்றார் மருத்துவர்.

"சாக்கடைய உட்டுட்டாங்க. தெருக்கோடில பன்னி படுத்துகினு கீது, அத உட்டுட்டாங்க. நல்ல தண்ணியப் புடிச்சிகினாங்க."

"இந்த நுளம்பு நல்ல தண்ணியிலைதான் முட்டை போடும். நான் ஊத்தச் சொல்லேல்லை. ஒரு சீலையாலை இறுக்கி மூடிக் கட்டுங்கோ. அவ்வளவுதான்."

"மூடினா தண்ணி செத்துப்போவும்."

"தண்ணி எப்பிடிச் சாகும்?"

"காத்து பாக்காத தண்ணி செத்த தண்ணி. செத்த தண்ணில சாயம் ஏறாது. படிச்சவங்களுக்கு இதெல்லாம் இன்னா தெரியும்."

மருத்துவரும் பொறுமைசாலி இல்லை. "சரி. உங்கட மகளின்ரை கலியாணத்துக்கு வாற சனம் முழுக்க நொண்டிக்கொண்டு திரும்பிப் போகும். அப்ப சந்தோஷமா இருங்கோ" என்றார்.

கல்யாண வீட்டில் நொண்டியைப் பற்றிப் பேசியது பெரிய அபசகுனம். மாமனார் கொப்பரையின் பக்கம் திரும்பினார். "எச்ச சோறு துன்ற நாயே! எவ எவளையோ இட்டுகினு வந்து என் வூட்டுக் கொல்லைல நிக்க வெக்கிறியே, உனக்கு வெக்கமா இல்ல? உன்ன அடுப்புல ஏத்துனதே தப்பு!" என்று ஆரம்பித்து, தேசூர்வரை போய் என் மூதாதையர்களைத் தொட்டுத் திரும்பினார்.

வெளியே வந்ததும் மருத்துவர் கேட்டார். "இவர் ஏன் பாத்திரத்தோடை கதைக்கிறார்?"

"அது அவர்கள் குடும்ப வழக்கம்" என்றேன்.

அன்று சாப்பிடும்போது, காய்ச்சல் கூடினால் தண்ணீரைக் கொட்டும் விதி ஒன்று இருக்கிறது என்று மனைவியிடம் சொன்னேன். துணியால் மூடிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று அவள் வழியாக அவருக்கு எட்டட்டும் என்பது என் ராஜதந்திரம். எட்டியது வேறு. மறுநாள் மாலைக்குள் தெரு ஒரு முடிவுக்கு வந்திருந்தது: காய்ச்சல் கூடினால்தானே கொட்டுவார்கள்? ஆரணியில் யாருக்கும் காய்ச்சல் வரக்கூடாது. வந்தால் போளூருக்குப் போய் வைத்தியம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தொட்டி வைத்திருந்த மற்ற சாயக்காரர்களுக்கும் இது சௌகரியமாக இருந்தது. எதிர்வீட்டுச் சாயக்காரருக்கும் என் மாமனாருக்கும் பேச்சு நின்று எத்தனையோ வருஷமாகிறது. ஏதோ ஒரு கிடாவைப் பங்கு போட்டதில் வந்த பகை. அவர்கூட இந்த ஒரு விஷயத்தில் ஒத்துழைத்தார்.

போளூரில் கிளினிக் கம்பவுண்டர் விலாசம் கேட்பார் அல்லவா? ஆரணி என்று சொல்ல முடியாது. எங்கள் தெருவில் எல்லோரும் ஏதாவது ஒரு வழியில் எல்லோருக்கும் உறவு. போளூரில் அவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த வீடு ஒன்றுதான். மல்லாட்டை மண்டிக்காரர் வீடு. யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை. ஆளாளுக்குத் தனக்கு மட்டும் தோன்றிய யோசனை என்று நினைத்து, அத்தனை பேரும் என் சகலையின் விலாசத்தையே கொடுத்துவிட்டு வந்தார்கள்.

பிறகு எனக்கும் காய்ச்சல் வந்தது. சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. பல் துலக்க மனைவி வேண்டியிருந்தது. "கெளம்புங்க" என்றாள். "எங்கே?" என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. பஸ்ஸில் எங்கள் தெரு பாதி உட்கார்ந்திருந்தது, எல்லாரும் கேள்விக்குறி மாதிரி வளைந்து. கண்டக்டர் எங்களைப் பார்த்துவிட்டு, "காய்ச்சல் கோஷ்டியெல்லாம் முன்னாடி போய் உக்காருங்க, போளூர்ல ஜல்தியா எறங்கணும்" என்றார். கம்பவுண்டரிடம் என் மனைவி அக்காள் வீட்டு விலாசத்தைச் சொன்னாள். எனக்கு வாயைத் திறக்கத் தெம்பில்லை. இருந்திருந்தால் திறந்திருப்பேன் என்றும் சொல்ல மாட்டேன். மூன்று நாடுகளின் காய்ச்சலைக் கண்காணிக்கிறவன் இரண்டு மாத்திரைகளோடும் ஒரு பொய் விலாசத்தோடும் ஊர் திரும்பினேன்.

திரையில் ஆரணி பச்சையாக இருந்தது. சுற்றியுள்ள ஊரெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக மாற, ஆரணி மட்டும் புல்வெளி. மற்ற நாடுகளிலிருந்து தொலைபேசியில் பாராட்டு வந்தது. அங்கே என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று கேட்டார்கள். எங்கள் தலைவர் தொலைபேசியை என்னிடம் நீட்டினார். "மக்கள் பங்கேற்பு" என்றேன். அதில் பொய்யில்லை.

கொழும்பு மருத்துவர் மட்டும் பாராட்டில் சேரவில்லை. அவர் சண்டை போட்டுச் சேர்க்கச் சொன்ன வீட்டு விலாசம் இருந்ததல்லவா, அதைத் தட்டினார். போளூரில் ஒரு புள்ளி எழுந்தது. ஒரு வீட்டில் எத்தனை காய்ச்சலோ அத்தனை பெரிதாகப் புள்ளியை வரையும்படி அந்த இயந்திரத்துக்குச் சொல்லியிருந்தார்கள். அது வரைந்துகொண்டே போனது. போளூர் மறைந்தது. தேவிகாபுரம் மறைந்தது. "என்ன இது, ஒரே வீடு?" என்றார். பிறகு, "ஜீப்பை எடுங்கோ."

வழியெல்லாம் நான் வாயைத் திறக்கவில்லை. மூட்டுவலி என்று நினைத்துக்கொண்டார்.

சகலை மண்டி வாசலில் மூட்டைகள்மேல் உட்கார்ந்து வியாபாரிகளோடு பேசிக்கொண்டிருந்தார். மண்டிக்குப் பின்னாலேயே வீடு. என்னைப் பார்த்ததும், "வா தம்பி, இன்னா படையோட வந்துகிற?" என்றார்.

மருத்துவர் நேராக விஷயத்துக்கு வந்தார். "உங்கட வீட்டிலை எத்தனை பேர் இருக்கினம்?"

"நானு, என் வொய்ஃபு, ஒரு பூனை."

"ஆருக்கும் காய்ச்சலோ?"

"பூனைக்கா?"

வியாபாரிகள் சிரித்தார்கள். மருத்துவர் சிரிக்கவில்லை, பெயர்களைப் படிக்க ஆரம்பித்தார். கைக்குழந்தை, பிள்ளைத்தாய்ச்சி, பல்லில்லாத கிழவர், எல்லோரும் அந்த இரண்டு அறை வீட்டில் காய்ச்சலாகக் கிடந்ததாகக் கணக்கு. சகலை முதலில் ரசித்துக் கேட்டார். ஏதோ ஆபீஸ் கோளாறு என்று நினைத்தார் போல. அதற்குள் உடன் வந்த ஆட்கள் விதிப்படி வேலையைத் தொடங்கிவிட்டார்கள். குளிக்க வைத்திருந்த அண்டாவைக் கவிழ்த்தார்கள். மண்டிக்குள் புகை அடித்தார்கள். மண்ணெண்ணெய் வாடையோடு புகை மல்லாட்டை மூட்டைகளுக்குள் போனது. வியாபாரிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர் மண்டிக்கு நடந்தார்கள்.

அதைப் பார்த்ததும்தான் சகலைக்கு வாய் திறந்தது. தொட்டிச் சங்கதி அவர் மனைவி வழியாக அவருக்கும் எட்டியிருந்தது.

"யோவ், நிறுத்துங்கய்யா! இவங்கல்லாம் என் மாமனார் தெரு ஆளுங்கய்யா! ஆரணிக்குப் போங்க! ஒரு தொட்டித் தண்ணிக்கோசரம் ஊரே என் வூட்டு அட்ரஸ குடுத்துகினு திரிஞ்சிகினு கீது. நல்லா கேட்டுக்கங்க, அந்தத் தொட்டி என் மாமனாருது, கொல்லைல கீது. தோ நிக்கிறாரே உங்க ஆபீசரு, இவரும் என் வூட்லதான் காய்ச்சலா படுத்துகினு இருந்தாராம். கேளுங்க!"

மருத்துவர் என் பக்கம் திரும்பினார். "நீங்களுமோ?"

"மனைவி சொன்ன விலாசம்" என்றேன். அவருடைய முகத்தில் தெரிந்ததை நான் மதிப்பு என்று சொல்ல மாட்டேன். ஆரணிவரை அவரும் வாயைத் திறக்கவில்லை. அவருக்கு மூட்டுவலி இல்லை.

மறுநாள் தண்ணீர் கொட்ட ஆட்கள் கிளம்பினார்கள். செய்தி எங்களுக்கு முன்னால் போய்விட்டது. ஜீப் தெருமுனைக்கு வந்தபோது தெருவில் பாவு விரித்திருந்தது. உச்சி வெயிலில் யாரும் பாவு விரிக்க மாட்டார்கள், அன்று விரித்திருந்தார்கள். ஒன்றல்ல, வீட்டுக்கு ஒன்று, குறுக்கும் நெடுக்குமாக, இடுப்பு உயரத்தில், பச்சையும் நீலமும் கத்தரிப்பூவுமாக. நூலை அறுத்தால் யாருக்கு என்ன நடக்கும் என்பது ஜீப் ஓட்டுநருக்கே தெரிந்திருந்தது. இஞ்சினை அணைத்துவிட்டுப் பீடி பற்றவைத்துக்கொண்டார்.

நாங்கள் பாவுகளுக்கு அடியில் குனிந்து குனிந்து போனோம். என் முழங்கால் மடங்கவில்லை, தவழ்ந்தேன். வாசல்களில் துடைப்பங்கள் நின்றன. "பாத்து வாங்க ஆபீசர், பட்டு சுட்டுடப்போவுது" என்றாள் ஒருத்தி. "போளூர்லேர்ந்து எப்ப வந்தீங்க?" என்றாள் இன்னொருத்தி. தெருவே சிரித்தது.

மாமனார் தொட்டியருகே நின்றிருந்தார். கொப்பரை பக்கத்திலேயே இருந்தது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீதான காட்டிக் குடுத்த?"

கல்யாணமானதிலிருந்து அவர் என்னிடம் நேராகப் பேசிய முதல் வாக்கியம் அது.

"நான் இல்லைங்க மாமா. போளூர் அண்ணன்தான் சொல்லிட்டாரு."

"அவரு பேர எடுக்காத. அவரு பத்துப் பேருக்கு வேல குடுக்கற மனுஷன். அவருக்கு இன்னா அவசியம்?"

"மண்டியில புகை அடிச்சாங்க, அதனால..."

"ஏங்க" என்றாள் என் மனைவி, "செஞ்சத செஞ்சிட்டு அக்கா வூட்டுக்காரர ஏன் இழுக்கிறீங்க?"

மருத்துவர் நியாயமாக எனக்காகச் சாட்சி சொன்னார். "உண்மைதான் ஐயா, மண்டிக்காரர்தான் சொன்னவர். நான் பக்கத்திலைதான் நிண்டனான்."

"ரெண்டு பேரும் ஒரே ஆபீசு" என்றார் மாமனார்.

சிறு வயதிலிருந்து எத்தனையோ பொய்கள் சொல்லி நம்பவைத்திருக்கிறேன். வாழ்க்கையில் முழு உண்மையை உரக்கச் சொன்ன அந்த ஒரு தடவை அந்த வீட்டில் ஒரு ஜீவனும் நம்பவில்லை.

ஆட்கள் வாளியோடு முன்னால் வந்தார்கள். "கைய வெக்காத" என்றார் மாமனார். மருத்துவர் கடைசியாக ஒருமுறை, "இப்பவும் ஒண்டும் கெட்டுப் போகேல்லை, நான் மேலிடத்திலை கதைக்கிறன், சீலையாலை மூடிக் கட்டுங்கோ" என்றார். மாமனார் காதில் அது விழுந்தது. விழுந்ததும்தான் குனிந்தார் என்று எனக்கு இன்றும் தோன்றுகிறது. தொட்டியின் அடியில் துணி சுற்றி அடைத்திருந்த கட்டையைத் தானே பிடுங்கினார். கார்த்திகை மழை கொல்லையைத் தாண்டி, சந்து வழியாகத் தெருவுக்குப் பாய்ந்தது.

எதிர்வீட்டுச் சாயக்காரர்தான் முதலில் கத்தினார். "ஏய், மழத்தண்ணி போவுது, புடிங்கடீ!" அடுத்த கணம் குடங்கள் வந்தன, அண்டாக்கள் வந்தன, சோறு வடிக்கும் தவலைகள் வந்தன. துடைப்பத்தோடு நின்றவர்கள் துடைப்பத்தைப் போட்டுவிட்டுச் சந்து வாயில் முண்டினார்கள். மருத்துவர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ஓடினார். "பிடியாதேங்கோ! அதுக்குள்ளை புழு! ஐயோ, வீடு வீடாய்க் கொண்டு போகாதேங்கோ!" யார் கேட்கிறார்கள்? ஒரு தொட்டியில் ஒரே கூட்டமாக வாழ்ந்த புழுக்கள் தெருவிலிருந்த எல்லா வீடுகளுக்கும் மூடியில்லாத பாத்திரங்களில் குடியேறின. எங்கள் திட்டம் தொடங்கியதிலிருந்து நான் கண்ட முழுமையான ஒருங்கிணைப்பு அது ஒன்றுதான்.

திரையில் ஆரணி சிவந்தது. போளூர் பழையபடி சின்ன ஊரானது. மூன்று நாடுகளும் அடுத்த கூட்டத்தில் எங்கள் தெருவைப் பாடமாக வைத்துப் பேசின. என்ன பாடம் என்பதில் உடன்பாடு ஏற்படவில்லை. கொழும்பு மருத்துவர் கிளம்பும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. என் மேசைமேல் ஒரு வெள்ளைச் சீலைத் துண்டை மடித்து வைத்துவிட்டுப் போயிருந்தார்.

மறுவாரம் பாவு தறியில் ஏறியது. ஊடைக்குத் தண்ணீர் வேண்டும். எதிர்வீட்டில் அண்டா நிறைய அதே தண்ணீர் இருந்தது. எதிர்வீட்டுக்காரர் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார்: "உன் தண்ணிதான். வேணும்னா நேர்ல வந்து கேளு, தரன்." நான் போய்க் கேட்கிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். மாமனார் உள்ளேயிருந்து, "நீ போனீன்னா அப்படியே அங்கயே இருந்துக்க" என்றார். தெருக்குறுக்கே பத்தடி. அந்தப் பத்தடியை அவர் நடக்கவில்லை. அவன் குடத்தில் பட்ட தண்ணீர் என்றார். கிடாவை இழுத்தார். கடைசியில் போர் தண்ணீரைப் பிடித்து ஊடைக்குச் சாயம் போட்டார். அவருக்கும் அப்போது காய்ச்சல் கண்டிருந்தது. நூலைப் பிழிய விரல்கள் மடங்கவில்லை. முழங்கைகளால் அழுத்திப் பிழிந்தார். யாரையும் கிட்டே விடவில்லை. காயவைத்தபோது பார்த்தேன்: அரக்குதான். தணல் இல்லை.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. பாதிக் கூட்டம் மருத்துவர் சொன்னபடியே நொண்டிக்கொண்டு வந்தது. சகலை முன்வரிசையில் சந்தனம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, "இன்னா தம்பி, வலி எப்டி கீது?" என்று உண்மையான அன்போடு விசாரித்தார்.

பெண் அந்தப் புடவையில் மணமேடைக்கு வந்தாள். மாமனார் தலையைத் தூக்கவில்லை. அவருக்கு அதில் இரண்டு நிறங்கள் தெரிந்தன, ஒன்றன்மேல் ஒன்று பொய் சொல்லிக்கொண்டு. எனக்கும் தெரிந்தது. மாப்பிள்ளையின் அத்தை எழுந்து வந்து முந்தானையைத் தொட்டுப் பார்த்தாள்.

"அடேயப்பா, இன்னா கலருடீ! இப்படித் திருப்புனா ஒரு மாதிரி, அப்படித் திருப்புனா ஒரு மாதிரி! எங்க பொண்ணுக்கும் இதே மாதிரி வேணும்" என்றாள். பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஆளாளுக்கு முந்தானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

மாமனார் எழுந்தார். "அது கலரு இல்லம்மா. கற" என்றார்.

அத்தை வாய்விட்டுச் சிரித்தாள். "பெரியவருக்கு எவ்ளோ அடக்கம் பாரு!"

பந்தி தொடங்கியபோது அவரைக் காணவில்லை. தேடி அழைத்து வர என்னை அனுப்பினார்கள். சகலைக்கு இலை போட்டுவிட்டார்கள் என்பதால். மண்டபத்துக்கு வெளியே, சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தில் நின்றிருந்தார். வீங்கிய விரல்களை ஒரு கைப்பிடிச்சுவரின்மேல் பரப்பி வைத்துக்கொண்டிருந்தார்.

"சாப்பிட வாங்க மாமா."

அவர் என்னைப் பார்க்கவில்லை. "அந்த வூட்ல ஒருத்தருக்கும் கண்ணு இல்ல. இனிமே எம்பொண்ணு இன்னா கட்னாலும் அவங்களுக்கு ஒண்ணுதான்" என்றார். ஒரு விரலை மடக்கப் பார்த்தார், மடங்கவில்லை. பிறகு, "கண்ணு தெரிஞ்சவங்க யாராச்சும் ஒருத்தர் இருந்து, இது இன்னாய்யா சாயம்னு என் மூஞ்சில தூக்கி அடிச்சிருந்தா, நான் உள்ள வந்து நல்லா துன்னிருப்பன்."

"எனக்கும் தெரிஞ்சதுங்க. தணல் இல்ல" என்றேன்.

முதன்முறையாக என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். எதிரியைப் பார்க்கும் பார்வைதான், ஆனால் நேரான பார்வை.

"உன்னால" என்றார். "போய்த் துன்னு."

போய்ச் சாப்பிட்டேன். விரல்கள் மடங்காததால் ரசம் சாதத்தைப் பிசைய முடியவில்லை. பாயசம் மட்டும் நன்றாக இருந்தது.